இரண்டு மணிக் குழாயடி

மூன்று வருஷமாகச் செல்வாம்பாள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. கேஸ் சிலிண்டர்காரர் வருவார். அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது.

புதுச்சேரி குருசுக்குப்பத்துக்குப் பின்னால், குடிசைகளை எடுத்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடிகள் இரண்டு நிற்கின்றன. ஏ பிளாக்கில் கடலோரத்திலிருந்து வந்தவர்கள். பி பிளாக்கில் வாய்க்கால் ஓரத்திலிருந்து வந்தவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் நாலு குழாயும். முதலில் குடத்துக்குச் சண்டை வந்தது. பிறகு பைக் நிறுத்தும் இடத்துக்கு. அதற்குப் பிறகு காரணமே தேவைப்படவில்லை. ஒரு சாயங்காலம் ஏ பிளாக் பிரேம்குமார், பி பிளாக் இளஞ்செழியனின் காலை மீன் வெட்டும் கத்தியால் வெட்டிவிட்டான். நரம்பு அறுந்தது. பிரேம்குமாருக்கு ஐந்து வருஷம் போட்டார்கள். காலாப்பட்டு ஜெயிலில் இருக்கிறான்.

பிரேம்குமாரின் அம்மாதான் செல்வாம்பாள்.

புருஷன் செத்துப்போனபோது மகனுக்கு ஒன்பது வயது. கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலைக்குச் சேர்ந்து அவனை வளர்த்தாள். வெட்டு நடந்த அன்றும் அங்கேதான் இருந்தாள். வீடு திரும்பியபோது குழாயடியில் யாரோ ரத்தத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் ரத்தம் என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் சொல்லவில்லை. பி பிளாக் பேசாதது நியாயம். ஏ பிளாக்கும் பேசவில்லை. அவள் மகனால் அந்தப் பிளாக்கில் பதினோரு பையன்களைப் போலீஸ் பிடித்துப்போய் அடித்திருந்தது. படிக்கட்டில் எதிரே வருகிறவர்கள் அவளைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். முதல் வருஷம் அழுதாள். இரண்டாம் வருஷம் யார் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டு, அந்த இடைவெளிக்குள் புகுந்து வரக் கற்றுக்கொண்டாள்.

போன மாசியில் பாரதி என்ற பெண் இரண்டு உதவியாளர்களோடு வந்தாள். சண்டை நடந்த இடங்களில் மக்களையே படம் எடுக்கச் சொல்லி, எடுத்ததை அவர்களுக்கே போட்டுக் காட்டிப் பேசவைப்பது அவர்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அங்கன்வாடி அறையில் திரையிடல். ஜன்னல்களைப் பழைய ஃபிளெக்ஸ் பேனரால் மூடிவிட்டால் இருட்டு தயார்.

முதல் மூன்று வாரம் செல்வாம்பாள் போகவில்லை. மாடியில் தன் வீட்டில் இருந்தபடி சிரிப்புச் சத்தத்தை மட்டும் கேட்டாள். இரண்டு பிளாக்கும் சேர்ந்து சிரிப்பதைக் கேட்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. அவர்களுக்குள் சரியாகிவிட்டால் தன் கதி என்ன என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

நான்காம் வாரம் பாரதி கதவைத் தட்டினாள்.

"அக்கா, உங்க வீட்டுலேர்ந்து ஒரு படம் வரணும்."

"என் வீட்டுல படம் எடுக்க இன்னாம்மா இருக்குது? ஜெயிலுக்குப் போனவன் அம்மா நான். தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. தினம் நீங்க செய்யறது ஏதாவது ஒண்ணு எடுங்க. போதும்."

படம் எடுக்க பாரதி கொடுத்துவிட்டுப் போன போன் மூன்று நாள் அலமாரியில் கிடந்தது. நான்காம் நாள் காலை வேலை முடிந்து வந்த செல்வாம்பாள், குடத்தை இடுப்பிலும் போனைக் கையிலும் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அந்த ஞாயிறு அவள் அறையின் கடைசியில், வாசலை ஒட்டி நின்றாள். அவள் படம் மூன்றாவதாக வந்தது. இரண்டு நிமிஷம்தான். ஆளில்லாத குழாயடி. குடம் நிரம்பும் சத்தம். படிக்கட்டு ஆடி ஆடி மேலே ஏறுகிறது. மூடிய கதவு, மூடிய கதவு, மூடிய கதவு. போனைப் பிடித்திருப்பவள் மூச்சு வாங்கும் சத்தம். ஒரு குரல்கூட இல்லை.

பாரதி படத்தை நிறுத்தினாள். "இதுல என்ன பாத்தீங்க?"

 ஆட்டோ ஓட்டும் கோவிந்தசாமி தொண்டையைக் கனைத்தார். பி பிளாக்காரர். வெட்டு நடந்த அன்று போலீசுக்கு முதலில் போன் செய்தவர்.

"வெயில் நேரா விழுவுது. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். அந்த வேகாத வெயில்ல யாராவது தண்ணி புடிப்பாங்களா?"

செல்வாம்பாள் பதில் சொல்லப் போவதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். வாய் தானாகத் திறந்தது.

"அப்பதாண்ணே நீங்க யாரும் இருக்க மாட்டீங்க."

  முன்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அமிர்தவல்லி. வெட்டுப்பட்ட இளஞ்செழியனின் அம்மா.

"மூணு வருஷம்," என்றாள். "ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து எம் பிள்ளை எப்படி இருக்கான்னு கேட்டியா நீ?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். வார்டு வாசல்ல நீ உக்காந்திருந்த. பக்கத்துல வர பயம். உள்ள வுடுவியோ, மாட்டியோன்னு."

அமிர்தவல்லி, "வுட்டிருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அன்றைக்கு அதற்கு மேல் படம் ஓடவில்லை. சிலர் அழுதார்கள். போலீஸ் அடித்த பையன் ஒருவனின் அம்மா, செல்வாம்பாளைக் கடந்து போகும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மறுநாள் கோவிந்தசாமி குழாயடியில் நின்று, "காலையில ஏழு மணிக்கு வா தங்கச்சி. வரிசையில நில்லு. யாரு இன்னா சொல்றாங்கன்னு நான் பாக்கறேன்" என்றார். அவள் போய் நின்றாள். யாரும் தடுக்கவில்லை.

அடுத்த மாதம் ஜெயிலுக்குப் போனபோது மகனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிரேம்குமாருக்குக் கோபம் வந்தது. "என்னால நீ படற கஷ்டத்த ஊருக்கே படம் காட்டினியா?" என்று கத்தினான். கிளம்பும் நேரத்தில் குரல் இறங்கிக் கேட்டான். "அவன் நடக்கறானாம்மா?"

"நடக்கறான். கொஞ்சம் சாச்சி நடக்கறான்."



இரண்டு பிளாக்கும் இப்போது ஓரளவு சேர்ந்துவிட்டன. குழாய்க்கு முறை வைத்திருக்கிறார்கள். பைக்குகளுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். பாரதியின் குழு ஆனியில் கிளம்பி அரியாங்குப்பத்தில் வேறொரு தெருவுக்குப் போனது. அங்கே அந்தக் குழாயடிப் படத்தைப் போட வேண்டும், கூட வந்து பேச வேண்டும் என்று பாரதி கூப்பிட்டபோது செல்வாம்பாள் இரண்டு தடவை மறுத்தாள். மூன்றாவது தடவை பஸ் ஏறினாள்.

படம் முடிந்ததும் அங்கே ஒரு பெண் கேட்டாள். "இப்ப அவங்க உங்ககிட்ட பேசறாங்களாக்கா?"

செல்வாம்பாள் யோசித்தாள். முன்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொய் சொன்னால் கைதட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தண்ணி புடிக்கறப்ப பேசறாங்க," என்றாள். "வீட்டுக்கு யாரும் வரல. அமிர்தவல்லி இன்னும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல. பாக்கணும்னு நான் கேக்கவும் மாட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. கேட்ட பெண் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். செல்வாம்பாள் உட்கார்ந்தாள். அந்தத் தெருவில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அடுத்த படம் தொடங்கியது.