ஆட்டுக்காகப் போட்ட படம்

சூரியநெல்லிக்கு மேலே எங்கள் லயம். ஒரே வரிசையில் ஆறு வீடு, கடைசி வீடு என்னுடையது. கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து நின்ற பிறகு துணைக்கு ஓர் ஆடு வளர்த்தேன். தலைச்சன் சினை, குட்டி போடுகிற நேரம். அன்று காலை பார்த்தால் கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடந்தது. மேல்காட்டில் புலி நடமாட்டம். இருட்டுவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் தாயும் போச்சு, குட்டியும் போச்சு.

லயத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பறிக்கிற இடத்துக்கே போய் நடுவில் நின்று சத்தம் போட்டுக் கேட்க எனக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே சேலைத் தலைப்பு தானாக வாய்க்கு வந்துவிடும். அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. அதில் எங்கள் எஸ்டேட் குரூப் இருக்கிறது. வேலையில் இருப்பவர்கள், வேலை முடிந்து போடிக்கு இறங்கிவிட்டவர்கள் எல்லோரும் உண்டு. விடிந்தால் பூ வரும், சாமி வரும். நான் பார்ப்பதோடு சரி. ஒரு பூகூட அனுப்பியதில்லை.

போனில் எழுத எனக்கு விரல் வராது. படம் அனுப்பவும் பேசி அனுப்பவும் வெளியூரில் இருக்கும் மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். என் பழைய போனுக்குத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில்தான் டவர் கிடைக்கும். அங்கே நின்று ஆட்டின் படத்தைத் தேடினேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொங்கலுக்கு மகள் எடுத்தது. பச்சைச் சேலை கட்டி நான் விறைப்பாக நிற்கிறேன், என் தோளுக்குப் பின்னால் ஆடு தலையை நீட்டியிருக்கிறது. என் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஆடு நன்றாகத் தெரிந்தது. அனுப்பிவிட்டேன்.

பிறகு பொத்தானை அமுக்கிப் பிடித்து விஷயத்தைப் பேசினேன். படம் போய்விட்டது, பேச்சு போகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மெதுவாகப் போகட்டும் என்று போனை மடியில் செருகிக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கினேன்.

மத்தியானம்வரை ஓடை முழுக்கத் தேடியும் காணோம். வெறும் கயிற்றோடு தொட்டி வழியாக ஏறி வந்தால், லயத்துக்கு முன்னால் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு பெரிய குண்டாவில் பால் இல்லாத கட்டன் சாயா கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ தவறிவிட்டார்கள் போல. முன்னால் போகக் கூச்சப்பட்டு, முக்காடு போட்டுக்கொண்டு கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்றாம் வீட்டுக்காரி. யாரென்று அவள் காதோரம் கேட்டேன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "கடைசி வீட்டு அக்காதேன். பாவம், இருந்த எடமே தெரியாது."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கடைசி வீடு எது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறாவது என் வீடு.

எங்கள் குரூப்பில் வயசானவர் படம் தனியாக வந்தால் ஒரே அர்த்தம்தான். துக்க வீட்டில் யாருக்கும் எழுதக் கை வராது, இறந்தவர் போனிலிருந்தே படத்தை மட்டும் போடுவார்கள். பார்த்தவர்கள் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பி வருவார்கள். அது தெரிந்தும், ஆட்டு நினைப்பில் எனக்கு உறைக்கவில்லை. என் வீடு பூட்டியிருந்ததால், ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். போனும் கிடைக்காததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போடியிலிருந்து என் தம்பி சம்பங்கி மாலையோடு ஜீப்பில் ஏறி வந்துவிட்டான்.

இத்தனை பேர் வேலையை விட்டு வந்திருக்கும்போது உயிரோடு இருப்பதை எந்த முகத்தோடு சொல்வது? வந்த வழியே மெல்ல நழுவிவிடலாம் என்று ஒரு காலைப் பின்னால் வைத்தேன். ஏறி வந்தபோது தொட்டியருகில் மடியிலிருந்த போனுக்கு டவர் கிடைத்து, சுற்றிக்கொண்டிருந்த பேச்சு போயிருக்க வேண்டும். கூட்டத்தில் இருந்த போன்கள் வரிசையாகக் கத்தின. யாரோ ஒருவர் தொட்டார். என் குரல் வந்தது.

"நாந்தேன் பேசுறேன், கடைசி வீட்டுக்காரி. ஆட்டக் கண்டா புடிச்சுக் கட்டிப்போடுங்க. நான் வந்துருவேன்."

கட்டன் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு அப்படியே நின்றார். மூன்றாம் வீட்டுக்காரி மெல்லத் திரும்பி என் முக்காட்டுக்குள் பார்த்தாள். பார்த்தவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி மாலையோடு வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தான். சூடு இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆட்டுக்கு எதுக்குக்கா ஒம் படத்தப் போட்ட?" என்றான்.

"எனக்குப் பின்னால பாருடா."

எல்லோரும் போனைக் குனிந்து பார்த்து, இரண்டு விரலால் படத்தை விரித்தார்கள். அதுவரை ஆட்டை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. கொழுந்து நிறுப்பவர்தான் முதலில் நிமிர்ந்தார். அந்த ஆடு நிறுவைக் கொட்டகையில் சாக்குமேல் படுத்திருந்தது என்றும், விரட்டிப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை என்றும் சொன்னார்.

துக்கத்துக்கு வந்த மொத்தக் கூட்டமும் கொட்டகைக்கு நடந்தது. சாக்குமேல் இரண்டு குட்டிகள். ஆடு அவற்றை நக்கிக்கொண்டிருந்தது. தம்பி ஒரு குட்டியைப் பார்க்கக் குனிந்தான். ஆடு எட்டி, அவன் கையிலிருந்த மாலையைக் கவ்வியது. அவன் இந்தப் பக்கம் இழுத்தான், அது அந்தப் பக்கம் இழுத்தது.

"விட்டுருடா. பிள்ள பெத்த பசி" என்றேன்.

அவ்வளவு பேருக்கு நடுவில் நான் சத்தமாகப் பேசியது அன்றுதான். என் மாலையை அது முழுசாகத் தின்று முடிக்கும்வரை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.