வில்பிரட் சாரின் முன்னுரை

கிழக்குத் தாம்பரத்தில் டியூட்டோரியல் நடத்திய வில்பிரட் சாருக்கு, சொந்தமாக எழுதும் பிள்ளைகளைக் கண்டாலே ஆகாது. இங்கிலீஷ் பரீட்சையில் விற்பனை கிராஃபைக் கொடுத்து விவரிக்கச் சொன்னால் எழுதவேண்டிய முன்னுரையை அவரே எழுதிப்போட்டு, வகுப்பு முழுவதையும் உருப்போட வைப்பார். விற்பனை ஆண்டுதோறும் ஏறுகிறது என்று அது தொடங்கும். கிருபா மட்டும் கிராஃபில் இருந்த கோட்டைப் பார்த்துத் தானாக எழுதினாள். "பெரிய மேதாவின்னு நெனப்பா?" என்று தாளைக் கிழித்து அவள் காலடியில் போட்டார்.

தொண்ணூற்று மூன்றில் பரீட்சைக்கு வந்த கோடு கீழே இறங்கியது. வகுப்பே ஏறுகிறது என்று எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டது, தப்பியவள் கிருபா. அவளைக் கூப்பிட்டு, ஒரு வாழ்த்துகூடச் சொல்லாமல், பரீட்சையில் அவள் எழுதிய முன்னுரையை எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார்.

புது வகுப்புக்கு அதையே, விற்பனை இறங்குகிறது என்பது உட்பட, கரும்பலகையில் எழுதிப்போட்டார்.

"ஒரு வார்த்தை மாறுச்சு, தோலை உரிச்சிடுவேன்."