பைப் ஜெனரல் பெரிய ஆளா?

எங்கள் கீழ் வீட்டுக்காரர் கட்சி மாறிய அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அரசியல் கட்சி என்றால்கூட விட்டிருப்பேன். இது இரண்டாம் உலகப்போரில் படை நடத்திய ஓர் அமெரிக்க ஜெனரல் விவகாரம். அந்த ஜெனரலை வருஷக்கணக்காகத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர், திடீரென்று ஒரு சாயங்காலம், “அந்த ஆள் வெறும் விளம்பரம்” என்றார். அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

லேக் கார்டன்ஸில் எங்களுடையது மாடி வீடு. கீழே அவர், வங்காளி, பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் கீழ் வீட்டுக்காரர் மேலே வருவார். பால்கனியில் இரண்டு நாற்காலி, டீ, என் முறுக்கு. இந்த வங்காள ஊரில் வெட்டியாக உட்கார்ந்து பேசுவதற்கு அட்டா என்று பேர் வைத்து மரியாதை கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அட்டாவில் ஃபுட்பால் பேசுவார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் எந்த அமெரிக்க ஜெனரலுக்குத் தகுதிக்கு மீறிய பேர் கிடைத்தது என்பதுதான் தலைபோகிற பிரச்சினை. போர்க்காலத்தில் இந்த ஊர் பூராவும் அமெரிக்கப் பட்டாளம் இருந்ததாம். கீழ் வீட்டுக்காரரின் அப்பா சின்னப் பையனாக ஏரிக்கரையில் அவர்களிடம் சாக்லேட் வாங்கித் தின்றவர். அந்த உரிமையில் இவர் பேசுவார். என் கணவர் புத்தகம் படித்த உரிமையில் பேசுவார்.

எனக்கு அந்த ஜெனரல்களின் பெயர் வாயில் நுழைந்ததில்லை. நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன். வாயில் பைப்போடு கடல் தண்ணீரில் நடந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டவர் பைப் ஜெனரல். இடுப்பில் துப்பாக்கியைப் பளபளவென்று மாட்டிக்கொண்டு திரிந்தவர் துப்பாக்கி ஜெனரல். பர்மாவில் தோற்றுக் காட்டு வழியாக நடந்தே வந்தவர் நடை ஜெனரல். என் கணவருக்கு நடை ஜெனரல் தெய்வம், பைப் ஜெனரல் போலி. கீழ் வீட்டுக்காரருக்கு நேர் எதிர். சிப்பாயோடு சிப்பாயாக நடப்பதா ஜெனரலின் வேலை என்று டீப்பாயைத் தட்டுவார். தட்டித் தட்டியே அதன் ஒரு கால் ஆட்டம் கண்டுவிட்டது.

அப்படிப்பட்டவர் கட்சி மாறினார். மறுநாள் பழையபடி பைப் ஜெனரலைப் புகழ்ந்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் திட்டினார். மீன் கடையில் ஐந்து ரூபாய்க்கு அரைமணி நேரம் சண்டை போடுகிற மனிதர், இப்படித் தினம் ஒரு பேச்சுப் பேசினால் என்ன நினைப்பது? ஏதோ காரியம் இல்லாமல் இந்த ஆள் இறங்கி வர மாட்டார்.

காரியம் என்னவென்று எனக்குத் தெரியும். பூஜை சமயத்தில் அவரே கேட்டிருந்தார். அவருடைய மகன் நியூ டவுனில் ஏதோ ஓர் அடுக்குமாடியின் உச்சியில் இருக்கிறான். அவன் இந்த மாடி வீட்டுக்கே வந்துவிட்டால் அப்பா அம்மாவுக்கு நல்லது. “நீங்க ஊர்ப்பக்கம் போறதா இருந்தா வீட்டை எங்களுக்கே குடுத்துடுங்க, தாதா” என்றார். அண்ணன் முறையில் என் கணவரை அப்படித்தான் கூப்பிடுவார். என் கணவர் சிரித்துக்கொண்டே, “நாங்க எங்கயும் போகலை” என்று சொல்லிவிட்டார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர்தான் எனக்கு ஊர். திருநெல்வேலியில் இப்போது என்னைத் தெரிந்தவர்களே குறைவு. இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

அதனால் காதைத் தீட்டிக்கொண்டேன். முறுக்கைத் தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றேன். கீழ் வீட்டுக்காரர் பேசிய ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டேன். என் கணவர் பேசியதைக் கேட்கவில்லை. அவர் பேச்சு எனக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டே இருக்கும், காதில் ஏறாது.

போன மாதம் ஒருநாள் பால்கனியிலிருந்து என் கணவரின் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

“வீடுதான வேணும்? எடுத்துக்கிடுங்க. எங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடு?”

கரண்டியோடு ஓடி வந்தேன். கீழ் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து, டீயைக்கூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார். திருட்டு முழி என்று நினைத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மீன் பையோடு வந்தவரைப் படிக்கட்டிலேயே மடக்கினேன். எனக்குத் தெரிந்த வங்காளத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். ஜெனரல் பேச்சில் விட்டுக்கொடுக்கிற மாதிரி நடித்து வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். மனிதர் பையைக் கீழே வைத்தார். அவர் வங்காளத்தில்தான் சொன்னார். என் மனசில் அது தமிழாகவே நிற்கிறது.

“பௌதி,” என்றார். அண்ணி என்று அர்த்தம். “வீடு எனக்கு வேணும். அதை மறைக்கல. ஆனா தாதா குடுத்த வாக்கை நான் ஏத்துக்கல. தினம் ஒரு ஜெனரலை மாத்துற மனுஷன்கிட்ட வீட்டை எப்படி வாங்குறது?”

“மாத்துறது நீங்கதானே?” என்றேன்.

“உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். கதவோரமா நின்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே.”

பிறகு சொன்னார். முதலில் மாறியது என் கணவர்தான். ஒருநாள் பைப் ஜெனரலைப் போல ஒரு வீரன் உண்டா என்றாராம். கிண்டல் என்று இவர் நினைத்தார். “நேத்து அவரைப் போலின்னு சொன்னீங்களே” என்று கேட்டதும், என் கணவரின் முகம் வழி தவறிய குழந்தையின் முகம் மாதிரி ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகு இவர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. என் கணவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்கிறார். சண்டை இருக்கிறவரைக்கும் தாதா தாதாவாகவே இருக்கிறார் என்றார்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அந்த மனிதர் மேல் அப்போதும் கோபம்தான் வந்தது. என் வீட்டுச் செய்தியை இவர் வாயால் நான் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அழுதேன்.

டாக்டரிடம் போனோம், மாத்திரை வந்தது, அதெல்லாம் நடக்கிறது. போன வாரம் கீழ் வீட்டுக்காரர் மகனைப் பார்க்க நியூ டவுன் போய்விட்டார். சாயங்காலம் என் கணவர் பால்கனியில் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதில் நான் உட்கார்ந்தேன்.

“பைப்பை வாயில வச்சிக்கிட்டு வருவாரே, அவரை மாதிரி ஒரு ஜெனரல் உலகத்துலயே கிடையாது. தெரியுமா உனக்கு?” என்றார்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “என்னத்த ஜெனரல்? ஆளுகளை அம்போன்னு விட்டுட்டுப் போனவரு. திரும்பி வந்து போட்டோவுக்கு நின்னா ஆச்சா? காட்டுவழியா நடந்தாரே, அவருல்லா மனுஷன்.”

எல்லாம் என் கணவரின் பழைய சொற்கள். காதில் ஏறவில்லை என்று நான் நினைத்தது எப்படியோ ஏறியிருக்கிறது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் பழைய வெளிச்சம். டீப்பாயில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

“இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

நீங்கள்தான் என்று வாய்வரை வந்தது. “கீழ் வீட்டுக்காரரு” என்றேன்.

“அதான பாத்தேன்,” என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார். “அந்த ஆளை நம்பாத. நம்ம வீட்டு மேல அவருக்கு ஒரு கண்ணு.”

“சரிங்க,” என்றேன். “நீங்க பைப்காரரைப் பத்திச் சொல்லுங்க.”