செல்வியின் நைட்டி

போன வாரம் இந்தப் பக்கத்தில் இரக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன், படித்திருப்பீர்கள். 'மனசுக்குள்ளேயே இரக்கப்பட்டு என்ன பயன்? எழுந்து போய்ச் செய்யுங்கள்' என்று. பாராட்டி நாலைந்து பேர் போன்கூடச் செய்தார்கள். எழுதிய நான் எழுந்து போனேனா? அது வாசகர்கள் வேலை இல்லையா!

வினை செவ்வாய்க்கிழமை வந்தது. பாகூரில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வி ஒண்டிக்கட்டை. ஒரே ஒரு பசுமாடு, அதன் பால்தான் பிழைப்பு. தவளக்குப்பம் ஜங்ஷனில் யாரோ ஸ்கூட்டரில் இடித்துவிட்டுப் போக, கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கைகூப்பினார்கள். நான் எழுத்தாளன்... வெறுமனே கைகூப்பலாமா? 'எந்த உதவி என்றாலும் தயங்காமல் சொல்லவும்' என்று போட்டேன்.

அவள் தயங்கவில்லை. மறுநாள் காலையிலேயே போன்.

"சார், மாட்ட கறக்கணும். நேத்து சாயந்தரமே கறக்கல. இன்னிக்கும் வுட்டா மடி வீங்கி கட்டிக்கும் சார். அப்புறம் என் பொழப்பே போச்சு."

சின்ன வயதில் கறந்த கைதான். மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தைரியமாகப் போனேன். கன்றை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரே உதை. வாளி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், நான் சாணியில்.

"இன்னா சார், ஒதைக்குதா?" போனில் செல்வி. "என்ன தவிர யாரையும் சேக்காது அது. வூட்டுக் கதவுக்குப் பின்னால ஆணியில என் நைட்டி மாட்டியிருக்கும். தொவைக்காதது. அத்த போட்டுக்கினு ஒக்காருங்க. என் வாசம் இருந்தா நிக்கும்."

நைட்டியா! அதுவும் பூப்போட்டது!

"நீ போட்டுக்கயேன்..." என்று மனைவியிடம் இழுத்தேன்.

"எனக்கு கறக்கத் தெரியாது. ஊருக்கெல்லாம் எழுதனது நீங்கதான? போடுங்க."

மடி கல்லாக இறுகியிருந்தது. மாடு வலியில் கத்தியது. அதற்குமேல் மானம் பார்க்க மனசு வரவில்லை. மாட்டுக்கொட்டகையோ தெருவுக்கு எதிர்ப்பக்கம். மீசையும் நைட்டியுமாகத் தெருவைக் கடந்தேன். குரூப்பில் கைகூப்பிய அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள்.

மாடு மோந்து பார்த்தது. என் முகத்தையும் ஒருமுறை பார்த்தது. சந்தேகம்தான்... ஆனால் நின்றது. பால் சர்ரென்று வாளியில் இறங்கியது. நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் கட்டுரை எழுதி இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. இரக்கப்படும்போது யாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை. உதவி செய்யக் கிளம்பினால் கொஞ்சம் கோமாளியாகத்தான் வேண்டும்.

நேற்று செல்வி மாவுக்கட்டோடு வீடு வந்தாள். மாட்டின் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் பெரிய மனுஷ தோரணையில், "நைட்டிய தொவைச்சி அனுப்பிடறேன் செல்வி" என்றேன்.

"ஐயோ, தொவைச்சிடாதீங்க சார்! கட்டு பிரிக்க ஆறு வாரம் ஆவுமாம்!"