ஒசாக்காவில் வாய் திறந்த மூர்த்தி

மெல்போர்னின் ஸ்பிரிங்வேல் தமிழர்களில் ஈஸ்வரமூர்த்தியைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் பேசிக் கேட்டவர்களும் குறைவுதான். டண்டினோங் பக்கத்தில், மரக்கறி வைக்கும் குளிர்களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கோயிலில் அன்னதானம் என்றால் பெரிய கிடாரங்களை இறக்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். யாராவது கதை கொடுத்தால் "ஓம்" என்று தலையாட்டுவார். அதோடு சரி.

மனைவி யோகா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். "எங்கட வீட்டில ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் கதைக்கிறனான்" என்று சிரிப்பாள். கலியாணமாகி இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவரைப் பற்றி இனித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தாள்.

மகள் ஹம்சா ஜப்பான் போவோம் என்றபோது, "ஜப்பான் வேண்டாம், சிங்கப்பூர் போவம்" என்றார் மூர்த்தி. ஹம்சா கேட்கவில்லை. ஒசாக்கா விமான நிலையத்தில், அந்தக் குளிரூட்டிக் காற்றிலும் அவருடைய சேர்ட் முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. சீனி வருத்தத்தின் வேலை, சர்க்கரை இறங்கிவிட்டது என்று யோகா ஒரு டொஃபியை அவர் கையில் திணித்தாள்.

முதல் நாள் ஒசாக்காக் கோட்டை. அகழியைச் சுற்றி நடந்து, ஆள் உயரத்தை விடப் பெரிய கற்களைத் தடவிப் பார்த்துவிட்டு, மத்தியானம் குரோமொன் சந்தைக்கு வந்தார்கள். வெண்ணெயில் வதங்குகிற சிப்பியின் வாசம் தெரு முழுவதும் நின்றது. ஒரு கடையில் தட்டு அகலத்துக்கு நண்டு. அதைப் படமெடுக்க ஓரடி பின்னால் வைத்த யோகா, ஐஸ் உருகிய தண்ணீரில் வழுக்கி, கால் மடங்கி விழுந்தாள். எழும்ப முடியவில்லை. சனம் கூடிவிட்டது. ஹம்சா போனில் மொழிபெயர்ப்பைத் தேடினாள். அவசரத்தில் எழுத்தெல்லாம் பிழையாக விழுந்தது.

அப்போது தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. உரத்த, அதட்டலான குரல். மடமடவென்று ஜப்பானிய மொழி. கடைக்காரன் ஓடிப்போய்ப் பெட்டியொன்றைக் கொண்டுவந்து அவள் காலுக்கு அணையாக வைக்க, இன்னொருவன் அம்புலன்சுக்குப் போன் அடித்தான். ஆரோ நல்ல மனிசன் என்று யோகா நிமிர்ந்து பார்த்தாள்.

பேசிக்கொண்டிருந்தது அவளுடைய புருசன்.

வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. "இஞ்சேருங்கோ... ஆர் நீங்கள்?" என்று மட்டும்தான் வாயில் வந்தது.

"அப்பா, வட் இஸ் திஸ்?" என்றாள் ஹம்சா.

அம்புலன்சில் வந்த பெடியன் மூர்த்தியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சிரிப்பை அடக்கினான். பிறகு ஹம்சாவிடம் ஆங்கிலத்தில் கேட்டான்: "உங்கள் அப்பா இங்கே கட்டட வேலை செய்தவரா? என் தாத்தா காலத்து வேலையாட்கள்தான் இப்படிப் பேசுவார்கள்."

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருந்தது. அன்று முழுவதும் யோகா யாரோடும் பேசவில்லை. அவள் வாய் அப்படி மூடிக் கிடந்ததை ஹம்சா அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாள் யோகாவை இருத்தித் தள்ள ஹொட்டேலில் சில்லுக்கதிரை ஒன்று இரவலாகத் தந்தார்கள். உமேடாவின் உயர்ந்த கட்டடங்களைப் பார்ப்பதுதான் ஹம்சாவின் திட்டம். "எனக்கு உமேடாவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீங்கள் இருந்த இடத்தைக் காட்டுங்கோ" என்றாள் யோகா.

ஷின்செக்காய்க்குப் போனார்கள். இரும்புக் கோபுரமும், கண்ணைக் குத்துகிற விளம்பரப் பலகைகளும், குச்சியில் குத்திப் பொரிக்கிற இறைச்சியின் புகையும். வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று படம் எடுத்தார்கள். அதைத் தாண்டி, ரயில் பாலத்துக்குக் கீழால் மறுபக்கம் போனதும் தெரு அடங்கிவிட்டது. கிழவர்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். மூர்த்தி ஒரு திருப்பத்திலும் தயங்கவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டே பின்னாலிருந்து சொன்னார். அவர் முகம் யோகாவுக்குத் தெரியவில்லை.

"எண்பத்தொன்பதில வந்தனான். விசா முடிஞ்சும் நிண்டிட்டன். விடிய வான் வரும், ஏத்திக்கொண்டு போவாங்கள். ரோட்டு வேலை, கொங்கிரீட் வேலை. நாலு வருசத்தால பிடிச்சு அனுப்பிட்டாங்கள்."

"கொழும்பில கடையில நிண்டனீங்கள் எண்டுதானே கலியாணம் பேசேக்க சொன்னவை?"

"கொழும்பிலதான் நிண்டனான். கடையில இல்லை."

கதிரை நின்றது.

"திரும்பி வந்திறங்கின எயாப்போட்டிலயே பொலிஸ்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். ஒண்டரை வருசம் உள்ளுக்க. ஜப்பானில என்ன செய்தனீ, இயக்கத்துக்கு எவ்வளவு காசு அனுப்பினனீ எண்டு கேட்டுக் கேட்டு அடி. வெளியில வந்தாப் பிறகு அந்த நாட்டின்ர பேரே எனக்கு வாயில வாறேல்லை. பிறகு ஒரு கதையும் வாறேல்லை."

யோகாவுக்கு அவர் முதுகில் இருந்த தழும்பு நினைவுக்கு வந்தது. சைக்கிளால் விழுந்தது என்று சொல்லியிருந்தார். எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் தொட்ட தழும்பு. ஹம்சா நடுத்தெருவில் நின்று அழுதாள்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே?" என்றாள் யோகா.

"நீர் எப்பவும் சந்தோசமாக் கதைச்சுக்கொண்டிருப்பீர். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்கு நல்லா இருந்தது."

அவர் தங்கிய விடுதி இப்போது முதுகுப்பை தூக்கிய பயணிகளின் ஹொட்டேல். மூர்த்தி வாசலில் நின்றார், உள்ளே போகவில்லை. திரும்பி வரும் வழியில் பொரியல் கடையொன்றில் குனிந்து ஏதோ சொன்னார். கடைக்காரக் கிழவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூர்த்தியும் சத்தமாகச் சிரித்தார். இந்த மனிசனுக்குப் பகிடியும் விடத் தெரியுமா என்று யோகா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம்கூட வந்தது.

மெல்போர்னுக்குத் திரும்பும் விமானத்தில், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்த பிறகு, யோகாவுக்குக் கேட்கவேண்டும் போல இருந்தது, கேட்டாள்.

"வேற நாடு ஏதும் இருக்கோ?"

மூர்த்தி ஜன்னல் மூடியை இறக்கினார்.

"சைப்பிரஸ். மூண்டு மாசம்."

ஹம்சா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். யோகா போர்வையை உதறி மடியில் போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டி, அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லுங்கோ. நான் கதைக்கேல்லை."