பஸ் எண்ணிய இரண்டு சீட்டுகள்

வலது கண் ஒன்றுதான் எனக்கு மிச்சம். இடது கண் நீர் அழுத்த நோயில் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மிச்சமிருந்த ஒன்றிலும் புரை விழுந்தபோது, அறுவை செய்துவிடலாம் என்று டாக்டர் நான்கு நிமிடத்தில் சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டார். இதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் எனக்கு.

அந்த அறையில் கவுன்சலர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். டாக்டர் சொன்னதை விளக்கி, முடிவெடுக்க உதவுவது அவர் வேலை. பதினேழு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பதினாறுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார், ஆபத்தையும் மறைக்கவில்லை. பதினேழாவதாக, உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அத நான் சொல்லக்கூடாது ஐயா. கண்ணு ஒங்களுது."

பிறகு, பொழுது எப்படிப் போகிறது என்று விசாரித்தார். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் மொட்டைமாடியில் மனைவியோடு உட்கார்ந்து, மாலை ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்களை எண்ணுவேன் என்றேன். கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் சரக்கு எண்ணிய பழக்கம். நேற்று நாற்பத்து மூன்று.

"இன்னைக்கு அம்மாவையும் எண்ணச் சொல்லுங்க. தனித்தனியா எழுதிட்டு நாளைக்கு வாங்க."

அன்று மாலை விளக்குகள் பஞ்சு உருண்டைகளாக மிதந்து வந்தன. ஒவ்வொரு பஸ்ஸின் தோளிலும் இன்னொரு பஸ் சாய்ந்திருந்தது. தார்ச்சாலை தண்ணீராக அசைந்தது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் இரண்டு நிலவுகள் உரசிக்கொண்டு எழுந்தன. அது எனக்குப் பிடித்திருந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

என் சீட்டில் நாற்பத்தொன்று. மனைவியின் சீட்டில் இருபத்திரண்டு.

"இன்னா நீ, போன பஸ்ஸயே திருப்பித் திருப்பி எண்ணிக்கினு கீறியா?" என்றாள்.

மறுநாள் இரண்டு சீட்டுகளையும் மேஜையில் வைத்தேன். கவுன்சலர் அவற்றை என் பக்கம் திருப்பி வைத்தார். ஸ்டோர்ஸில் இப்படிக் கணக்குக் கொடுத்திருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அறுவை முடிந்து, அடுத்த பௌர்ணமி மாலை மாடிக்குப் போனேன். ஓரங்கள் கத்தரித்த மாதிரி பஸ்கள் வந்தன. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள்கூடத் தெரிந்தன. இருபத்தொன்று. மனைவி இருபத்திரண்டு என்றாள். அவள் தண்ணீர் லாரியையும் சேர்த்து எண்ணுகிறாள். அன்றைக்கும் அப்படித்தான் எண்ணியிருப்பாய் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை.

கிழக்கே ஒரு நிலவு எழுந்தது. மற்றதைச் சற்று நேரம் தேடினேன்.