சிவப்பா, பச்சையா

என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் கார்ப் பைத்தியம் பிடித்தது சோழவரத்தில். எழுபதுகளின் தொடக்கம் அது. அங்கே பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கப் போனார்கள். திரும்பி வந்தபோது தலை, மீசை, சட்டை எல்லாம் புழுதி. இலை போட்டு உட்காரவைத்தால் சோற்றில் கை வைக்காமல் காற்றில் ஸ்டியரிங் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

"தரையோட தரையா ஒட்டிக்கினு போவுதும்மா. சத்தம் வந்து சேர்றதுக்குள்ள வண்டி போயிடுது" என்றான் அண்ணன்.

"சத்தம் இருக்கட்டும். சாம்பார் ஆறிப்போவுது" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் முசரவாக்கத்துக்காரர். பயிர் வைக்கிற குடும்பம்தான். இவர் மட்டும் நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, காஞ்சிபுரத்துக்கு வந்து பஸ் விட்டார். வாலாஜாபாத் பக்கம் இரண்டு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு ஏனாத்தூர் போகிற வழியில் அரிசி மில். இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை என்று எதுவும் கிடையாது. மாப்ள, மச்சான் என்று தோளில் கை போட்டுக்கொள்வார்கள். ஆனால் இவர் பஸ்ஸுக்கு டயர் மாற்றினால் அண்ணன் என்னிடம் வந்து, "ஏம்மா, மாப்ள டயரு எங்க எடுத்தாரு?" என்பான். அண்ணன் மில்லுக்கு பெல்ட் வாங்கினால் இவர் என்னிடம், "உங்கண்ணன் ஏன் அந்தக் கடையில போய் வாங்கினாரு?" என்பார். நேரே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். நடுவில் நான் இருந்தேன்.

அந்தப் பந்தயம் பார்த்த சில மாதத்தில், மெட்ராஸில் ஒரு பெரிய வீட்டில் இரண்டு பந்தயக் கார்கள் விலைக்கு வருகின்றன என்று தரகர் ஒருவர் தகவல் கொண்டுவந்தார். அந்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுக்குப் போய்விட்டானாம், திரும்பி வருகிற எண்ணம் இல்லையாம். கணக்குப்பிள்ளை ஒருவர்தான் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். தனித்தனியாகத் தர முடியாது, இரண்டையும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் மச்சானும் சேர்ந்து வாங்கி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். எந்தக் கார் யாருக்கு என்று பேசவில்லை. அங்கேதான் வினை பிடித்தது.

கார்கள் வந்து எங்கள் பஸ் ஷெட்டில் நின்றன. ஒன்று சிவப்பு. மேலே கூரை கிடையாது. இரண்டே சீட்டு, நீட்டின மூக்கு. இன்னொன்று பாசிப்பச்சை. அதற்குக் கூரை உண்டு. பின்னால் சீட்டு என்று பேருக்கு ஒரு பலகை இருந்தது. சீமைச் சரக்கு இரண்டும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட விசாரித்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள்.

முதல் நாளே அண்ணன் சொல்லிவிட்டான்: "மாப்ளயே முதல்ல எடுத்துக்கட்டும். மீதி எனக்கு."

எனக்கு அப்போதே சுருக்கென்றது. சின்ன வயதில் பொங்கலுக்கு அப்பா இரண்டு கரும்பு கொண்டுவந்தால், "நீயே முதல்ல எடுத்துக்கோ" என்பான் இதே அண்ணன். சொல்லிவிட்டு ஒரு கரும்பைப் பார்த்து, "அப்பா, இது என்னா தடி! சாறு வழியும் போல இருக்குதே!" என்று புகழ ஆரம்பிப்பான். நான் அதை எடுத்துக்கொள்வேன். நல்ல கரும்பு அவன் கையில் இருக்கும். பல பொங்கல் ஏமாந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

இப்போது அவன் பச்சைக் காரைப் புகழ ஆரம்பித்தான். "மாப்ள, குடும்பஸ்தனுக்கு ஏத்தது பச்சைதான். மழை வந்தா நனையாது. பின்னால புள்ளைங்க குந்தலாம்."

இவர் அங்கே சிரித்துவிட்டு வந்து வீட்டில் என்னிடம், "உங்கண்ணனுக்குச் சிவப்பு மேல கண்ணு" என்றார். "அதான் பச்சைய என் தலையில கட்டப் பாக்குறாரு. நான் சிவப்பைத்தான் எடுக்கப் போறேன்."

கரும்புக் கதையை நான் அவரிடம் சொல்லவில்லை. பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் மனசுக்குள் நானும் அவர் சொன்னதையேதான் நினைத்தேன்.

மறுநாள் ஷெட்டில் இருந்தவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு போனேன். வெயில் நேராகச் சிவப்புக் காரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். இடது பக்கக் கதவும் அதற்கு முன்னால் சக்கரத்துக்கு மேலே இருக்கிற தகடும் ஒரு சிவப்பு. பானட் வேறு சிவப்பு. புடவையும் முந்தானையும் ஒரே சாயத்தில் விழுந்ததா என்று வெயிலில் பிடித்துப் பார்த்துத்தானே இந்த ஊரில் எல்லோரும் வாங்குகிறோம். வித்தியாசம் என் கண்ணுக்கு உடனே தெரிந்தது. அடிபட்ட வண்டி. அடிபட்ட இடத்தில் புதுப் பெயின்ட்.

அப்படியானால் அண்ணன் ஏன் சிவப்புக்கு ஆசைப்படுகிறான்? அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் வேண்டும் என்கிறானா? எதுவும் ஒட்டவில்லை.

மேஸ்திரியைக் கேட்டேன். எங்கள் பஸ்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். "இந்தக் கதவு ஏன் வேற நிறமா இருக்குது மேஸ்திரி?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அந்தக் கையில் ஒன்றும் இல்லை. "பழைய வண்டிம்மா. நம்மள எதுக்கும்மா இதுல இழுக்குற?" என்றார். யாரோ இவர் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அண்ணனா, என் வீட்டுக்காரரா?

வீட்டுக்கு வந்தால், அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்க, இவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஷெட்டுல என்ன பார்த்துக்கினு இருந்த? உங்கண்ணன் அனுப்பினாரா?"

"டீ குடுக்கப் போனேன்."

"டீ குடுக்குற நேரமா அது?"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் என்னை அண்ணன் வீட்டுப் பெண் என்று ஒதுக்கிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. எல்லோர் மேலும் வந்தது.

"ரெண்டு காரிலும் நான் உட்கார்ந்து பார்க்கணும். ஒண்ணுல உங்ககூட. ஒண்ணுல அண்ணன்கூட. அப்புறம் எடுங்க எதை வேணும்னாலும்" என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அண்ணன் என்ன பேசுகிறான் என்று என் மூலம் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

பச்சையில் அவரோடு போனேன். சும்மா சொல்லக் கூடாது, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஊர் தாண்டியதும் எழுபது மைலைத் தொட்டார். புளிய மரங்கள் எல்லாம் ஒன்றாய்க் கலந்து ஒரே கோடாகத் தெரிந்தன. நான் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் அண்ணன் சிவப்பை எடுத்துக்கொண்டு வந்தான். நான் ஏறி உட்கார்ந்தாலும் தெருவை விட்டு நகர முடியவில்லை. எங்கள் தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் பட்டு இழை. "இஞ்சின நிறுத்துப்பா, நூலு மேல கரி படியுது" என்று ஒருவர் சத்தம் போட்டார். அண்ணன் அணைத்துவிட்டு, அவர்கள் சுருட்டி முடிக்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வெயில் ஏறவில்லை, ஆனாலும் கழுத்தெல்லாம் அவனுக்கு வியர்வை.

வாலாஜாபாத் ரோட்டில் ஏறினோம். முப்பது மைல். அதற்கு மேல் முள் நகரவில்லை. எங்கள் பஸ்ஸே எங்களை முந்திக்கொண்டு போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏண்ணே, பந்தய வண்டின்ன. மாட்டு வண்டி மாதிரி ஓட்டுற?"

"ரோடு சரியில்ல."

"நேத்து இதே ரோட்டுலதான் அவரு எழுபதுல போனாரு."

தென்னேரி ஏரிக்கரை வந்ததும் ஓரமாக நிறுத்தினான். ஏரி நிறையத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இந்த வண்டி உருண்ட வண்டிம்மா. வண்டிய ஒப்படைக்கும்போது மெட்ராஸ் வீட்டு டிரைவர் என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னான். மரத்துல அடிச்சு உருண்டிருக்குது. பக்கத்துல குந்தியிருந்த பையன் அங்கேயே போயிட்டான். அடியில சேஸ் சட்டத்தையே வெட்டி ஒட்ட வெச்சிருக்காங்களாம். அம்பதைத் தாண்டினா இடது பக்கமா இழுத்துக்கினு போவுமாம்."

அவன் சொன்ன அந்தப் பக்கத்து சீட்டில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். இறங்கி நின்றுகொண்டேன்.

"இதை ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"சொன்னா நம்புவாரா? சிவப்பை நானே அமுக்குறதுக்குக் கதை கட்டுறேன்னு சொல்ல மாட்டாரு? அதான் பச்சைய புகழ்ந்து புகழ்ந்து பேசினேன். மாப்ள பச்சைய எடுத்துக்கட்டும், இதை நான் எங்கியாவது பிரிச்சு வித்துடலாம்னு பார்த்தேன். அவரு என்னடான்னா நான் புகழப் புகழச் சிவப்பு பக்கம் போறாரு."

கேட்க உண்மை மாதிரிதான் இருந்தது. ஆனால் கரும்பைப் புகழ்ந்ததும் இதே வாய்தான். சிவப்பு ஆகாது என்று என் மூலமாகவே சொல்லவைத்து, இவரைப் பச்சைக்குத் தள்ளிவிட்டு, சிவப்பைத் தூக்கிக்கொண்டு போகிற திட்டமாகவும் இருக்கலாமே?

"அம்பதைத் தாண்டி ஓட்டு. நான் இங்க நின்னு பாக்குறேன்" என்றேன்.

"மாட்டேன்மா" என்றான். "எனக்கும் புள்ளைங்க இருக்குது."

அன்று மத்தியானம் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கை கழுவிவிட்டு வந்து, "நல்லாத்தான் கட்டியிருக்காரு கதைய. நீயும் நம்பிட்ட" என்றார்.

"நம்பினேன்னு சொல்லல. அவன் சொன்னதைச் சொன்னேன்."

"நாளைக்கு நானே பாத்துக்குறேன்."

மறுநாள் விடிந்ததும் தனியாகச் சிவப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் ஷெட்டிலேயே போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு பஸ் வரும்போதும் வழியில் ஏதாவது பார்த்தாயா என்று டிரைவரைக் கேட்கலாமா என்று வாய்வரை வரும். கேட்கவில்லை. வரவேண்டிய நேரத்துக்கு மேலாகியும் வரவில்லை. கடைசியில் அந்தச் சத்தம் கேட்டது. வண்டி உள்ளே வந்து நின்றது.

"நூல் புடிச்ச மாதிரி நேரா போவுது. அறுபதுல போனேன். உங்கண்ணன் சொன்னது சுத்தப் பொய்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகம் கழுவ ஆரம்பித்தார்.

அப்படியானால் அண்ணன்தான் ஏமாற்றினானா? எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. வண்டியைச் சுற்றி வந்தேன். இடது பக்கச் சக்கரம் முழுக்கச் சேறு, இன்னும் காயாத சேறு. வலது பக்கம் வெறும் புழுதிதான். குனிந்து பார்த்தேன். இடது சக்கரத்துக்கும் தகட்டுக்கும் இடையில் நெற்பயிர், வேரோடு ஒரு கொத்து சிக்கியிருந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். சட்டையின் இடது கையை மடித்துவிடாமலே, அதில் ஒட்டியிருந்த சேற்றோடு சேர்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் அண்ணனின் சைக்கிள் மணி கேட்டது. நான் அந்தப் பயிரைப் பிடுங்கிக் கழிவு ஆயில் டின்னுக்குள் போட்டுவிட்டு, வாளித் தண்ணீரைச் சக்கரத்தின் மேல் ஊற்றினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், மச்சான் எதிரில் அவர் தலைகுனிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

அண்ணன் உள்ளே வந்தான். "அறுபதுல நேரா போச்சு மச்சான்" என்றார் இவர். அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"மேஸ்திரி, ஜாக்கி போட்டுத் தூக்குங்க" என்றேன். யாரும் எதிர்பார்க்கவில்லை. மேஸ்திரி இவரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு ஜாக்கியை எடுத்தார். விளக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் குனிந்தோம். அடிச்சட்டத்தில் குறுக்கே ஒரு தழும்பு மாதிரி தடித்த வெல்டிங். மேலே கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள்.

இவர்தான் முதலில் நிமிர்ந்தார்.

"வெல்டிங் இருந்தா என்னா? நேராதானே போச்சு" என்றார் இவர், சுரத்தில்லாமல்.

"நேரா போனாலும் சரி, வளைஞ்சு போனாலும் சரி. இந்தச் சிவப்பு நம்ம வீட்டுக்கும் வேணாம், அண்ணன் வீட்டுக்கும் வேணாம். பச்சை ரெண்டு வீட்டுக்கும் பொது" என்றேன். இவர் மறுத்துப் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசுகிறவர் அவர்.

சிவப்பை வாங்க மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார், ரொம்பப் பிடித்துவிட்டது. நான் விடவில்லை. படுத்துப் பார்க்கச் சொல்லி வெல்டிங்கைக் காட்டவைத்தேன். எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விக்கிறவங்களே குறையைக் காட்டுறீங்கன்னா, இதைவிடப் பெரிசா வேற எதையோ மறைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அண்ணனும் இவரும் ரொம்ப நாள் கழித்து அன்றுதான் சேர்ந்து சிரித்தார்கள். கடைசியில் அதன் இஞ்சினை மட்டும் பந்தயத்துக்கு வண்டி கட்டுகிற ஒருவர் கழற்றிக்கொண்டு போனார். மற்றது பழைய இரும்புக்குப் போனது.

பச்சையை ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அண்ணன் என்று வைத்துக்கொண்டார்கள். பெட்ரோல் யார் அதிகம் தீர்த்தார்கள் என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து கேட்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகப் போனோம். அண்ணன் ஓட்டினான். நான் முன்னால். இவர் பின்னால் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். தென்னேரிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் இடது பக்கம் வயல் தாழ்ந்து கிடக்கிற இடத்தில், அண்ணன் வேகம் எடுத்தான்.

"மெதுவா மச்சான், மெதுவா" என்றார் இவர் பின்னாலிருந்து. "அந்த வயல்ல சேறு ஆழம்."

அண்ணன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். நான் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஆக்ஸிலேட்டரில் வைத்திருந்த காலைத் தளர்த்தினான். வண்டி மெதுவாகப் போனது.